தென்னையில் தொங்கிய புறா

இது காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய கதை. முடிவில் ஒரு கேள்வி உண்டு. நடுவில் கொட்டாவி விட்டவருக்கு விடை அகப்படாது.

வடசென்னையில் ஒரு குறுகலான தெரு. இந்தப் பக்கத்து மாடியில் கஜபதி புறா வளர்த்தார். எதிர்ப்பக்கத்து மாடியில் சவுரிநாதன் வளர்த்தான். அந்தத் தெருவில் புறா வளர்ப்பவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒருவன் புறா இன்னொருவன் வீட்டில் தானாக வந்து இறங்கினால், அது அந்த வீட்டுக்காரனுக்குச் சொந்தம். பறிகொடுத்தவன் போய்க் கேட்கக் கூடாது, கேட்டால் கேவலம். பிடித்தவன் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் அது பிச்சை.

நாலு வருஷத்துக்கு முன்பு கஜபதியின் வெள்ளைப் பெட்டை ஒன்று, வாலில் ஒரே ஒரு கறுப்பு இறகு உள்ளது, மழைக்குப் பயந்து சவுரிநாதன் மாடியில் இறங்கிவிட்டது. சட்டம் சட்டம்தான். கஜபதி கேட்கவில்லை. ஆனால் அன்றோடு பேச்சு நின்றது. சவுரிநாதன் போகிற டீக்கடைப் பக்கம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. அவன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை. ஆனால் சாப்பாடு எப்படி என்று நாலு பேரிடம் விசாரித்து, போகாத விருந்தில் உப்புக் குறைவு என்று ஐந்தாவது ஆளிடம் சொன்னார். பகையும் புறா மாதிரிதான். வேளாவேளைக்கு இரை போட்டால்தான் வீட்டில் தங்கும். கஜபதி ஒருநாளும் இரை போட மறந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவுரிநாதனின் சாம்பல் நிற ஆண்புறா யாரோ விட்ட பட்டத்தின் மாஞ்சா நூலில் கால் சிக்கி, கஜபதி வீட்டு வாசல் தென்னையின் உச்சி ஓலையில் தலைகீழாகத் தொங்கியது. கஜபதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி அதை ரசித்தார். எதிர்மாடியில் சவுரிநாதன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். தென்னை கஜபதியுடையது. வாயைத் திறந்தால் கேட்டதாக ஆகிவிடும்.

அப்புறம் இரண்டு காக்கைகள் வந்து பக்கத்து ஓலையில் உட்கார்ந்தன. கஜபதி டீயைக் கீழே வைத்தார். அவரே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். பாதி இரக்கம். மீதி, கீழே வந்தால் நம் வாசலுக்குத்தானே வரும் என்கிற கணக்கு.

சிவப்பு வண்டி வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. ஏணியில் ஏறியவர் பெயர் முனிரத்தினம். முந்தின நாள்தான் சொம்புக்குள் தலை மாட்டிய பூனையைக் காப்பாற்றி, அது காட்டிய நன்றியைக் கை முழுக்கக் கீறலாக வாங்கி வந்திருந்தார். காக்கைகளை விரட்டி, புறாவை நெஞ்சோடு அணைத்து, நூலை அறுத்தார். தெரு கைதட்டியது. கஜபதியும் தட்டினார். எதிரே சவுரிநாதனும் தட்டுவதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

முனிரத்தினம் இறங்கி வந்து புறாவின் இறக்கையை விரித்துப் பார்த்தார். "றெக்கையில ஒரு கீறல் இல்ல. கால்லதான் சுத்தியிருந்துச்சு. யாரோடது இது?"

சவுரிநாதன் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்திருந்தான். "நான் கேக்கல சார். நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன். நான் வளத்தது. கால்ல என் வளையம் இருக்கு பாருங்க."

கஜபதி தென்னையைத் தட்டிக் காட்டினார். "மரம் என்து. வாசல் என்து. வந்தது எங்க வந்துச்சு? அன்னிக்கு அவனுக்கு ஒரு சட்டம், இன்னிக்கு எனக்கு ஒரு சட்டமா?"

கூட்டத்தில் ஒருவர் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னதும் முனிரத்தினம் சிரித்துவிட்டார். "அப்படிப் பாத்தா புடிச்சவன் நான். என் பொண்ணு ரொம்ப நாளா ஒரு புறா கேக்குது, பெரியவரே."

அதையும் ஆமோதித்து நாலு தலைகள் ஆடின. சவுரிநாதன் மட்டும் தன் மாடியை அண்ணாந்து பார்த்தான். "யாரு வேணா வெச்சுக்கங்க. ஆனா இதோட ஜோடி அங்க முட்டை மேல உக்காந்திருக்கு. ராத்திரியெல்லாம் பெட்டை அடைகாக்கும், பத்து மணிக்கு மேல ஆம்பள முறை. மணி பத்தாவுது."

கஜபதி நாலு வருஷத்தில் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஜோடி எது?"

"உங்க வெள்ளதாண்ணே."

கஜபதி மீசையைத் தடவிக்கொண்டார். சட்டத்தை விட்டால் நாலு வருஷத்துப் பகை வீண். சட்டத்தைப் பிடித்தால் தன் வெள்ளையின் முட்டை வீண்.

கேட்டவர்களே, இனி உங்கள் பாடு. வளர்த்தவன், மரத்துக்காரர், பிடித்தவர். அந்தத் தெருச் சட்டம் ஓர் எழுத்தும் பிசகாமல், இந்தப் புறா யாருக்குச் சேர வேண்டும்?

விடை இதுதான். சட்டம் சொன்னது, தானாக வந்து இறங்கினால் என்று. இந்தப் புறா இன்னும் எங்குமே இறங்கவில்லை. நூல் தொங்கவிட்டது, முனிரத்தினம் இறக்கினார். இதைக் கண்டு சொன்னவர் வேறு யாருமில்லை, கஜபதியேதான். "கைய விடுங்க சார். அது எங்க இறங்குதோ அவனுக்கு" என்றார். முனிரத்தினம் விட்டார். புறா தென்னையை ஒரு சுற்றுச் சுற்றி, நேராக எதிர்மாடிக் கூண்டுக்குள் புகுந்தது. முறை தவறாத தகப்பன். யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவில்லை.

ஒரு மாதம் போயிற்று. ஒருநாள் காலையில் கஜபதி தன் கூண்டைத் திறந்தால், உள்ளே வெள்ளைக் குஞ்சு ஒன்று. வாலில் ஒரே ஒரு கறுப்பு இறகு. இன்னும் பறக்கப் பழகாத குஞ்சு. அது தெருவைத் தாண்டித் தானாக வந்து இறங்கியது என்றுதான் கஜபதி இன்றுவரை சாதிக்கிறார், அதுவும் சவுரிநாதன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே.