தொட்டியில் மிஞ்சிய தீனி

மழை பொய்த்த வருஷம். மடத்து வைக்கோல்போர் நாளுக்கு நாள் கரைந்தது. "இனி மாடுகளை விற்றுவிட வேண்டியதுதான்" என்று குரு சொன்னதும் சீடர் அம்பலவாணன் பதறி எழுந்தார். தொழுவம் அவர் பொறுப்பு. அந்த மனுஷருக்கு மாடு என்றால் உயிர்.

"விற்க வேண்டாம் சாமி. கொஞ்சமாகத் தின்று நிறையக் கறக்கிற வம்சமாக மாற்றிக் காட்டுகிறேன்."

"அதெப்படி?"

"ஒவ்வொன்றும் தின்பதை அளப்பேன். குறைவாகத் தின்பதன் கன்றுகளை மட்டும் வைத்துக்கொள்வேன்."

"செய்" என்றார் குரு.

அளந்தார். செவலை என்றொரு பசு, தொட்டியில் வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டுப் பாதியை அப்படியே விட்டது. பால் என்னவோ செம்பு வழிய வழிய. அம்பலவாணன் பூரித்துப் போனார். அதன் கன்றையே பொலிகாளை ஆக்கினார். பெருந்தீனிக்காரிகளை மனசைக் கல்லாக்கிக்கொண்டு கேட்டவர்களுக்குக் கொடுத்தார். சில வருஷங்களில் தொழுவம் முழுக்கச் செவலையின் பிள்ளைகளும் பேத்திகளும்தான். எல்லாம் கொழுகொழுவென்று நின்றன, தொட்டியில் தீனி மிஞ்சிக் கிடந்தது. அயலூர்க்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். நம் ஆளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒருநாள் மத்தியானம், அடுத்த தோட்டத்துச் சுடலைமுத்து அத்தனை மாடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். செவலையின் வாயில் சோளக்கதிர் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெனமும் நீங்க கண்ணசர்ற நேரம் பாத்து வேலியத் தாண்டுதுக சாமி. நான் காட்டுப்பன்னின்னுல்லா நெனச்சேன். பொறந்த கன்னுக்குட்டிகூடத் தாவுது. இனி ஒரு கதிர் போச்சுன்னா எல்லாத்தையும் பட்டியில அடைச்சிருவேன்."

சத்தம் கேட்டு வந்த குருவின் முன் அம்பலவாணன் கூனிக் குறுகிப் போனார். "சரியாகத்தானே பொறுக்கினேன் சாமி? எங்கே தப்பியது?"

"எங்கேயும் தப்பவில்லை. நீ தொட்டியைத்தானே அளந்தாய்?"

சீடர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "அப்போ விற்றுவிடுவீர்களா?"

"இருக்கட்டும். இந்த வருஷப் பாலெல்லாம் சுடலைமுத்து வீட்டுக்கு. வேலி தாண்டாமல் இருக்க, கழுத்தில் கட்டை கட்டித் தொங்கவிடு. மாட்டுக்கு ஒரு கட்டை வீதம் செய்து தர ஆசாரியிடம் சொல். கூடுதலாக இன்னொன்றும் செய்யட்டும்."

"கூட ஒன்று எதுக்கு சாமி?"

"இலையில் பாதிச் சோற்றை விட்டு எழுந்திருக்கிறவன்தான் நிஜமான துறவி என்று நானும் உன்னைப் பொறுக்கி, எனக்கப்புறம் மடம் உனக்குத்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்றைக்குக் காலையில் ஆப்பக்கடை ஆவுடையம்மாள் வந்து கேட்டாள், 'தெனமும் வர்ற உங்க சீடரு நேத்து வரலியே, மேலுக்குச் சரியில்லையா'ன்னு."