கீரி பார்த்து வந்த தண்ணீர்

ஒரு மலைக்காட்டில், குழந்தைகளே, பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு பாயும் ஓர் ஓடை இருந்தது. காலையில் மானின் முழங்கால் அளவுதான் ஓடும். மலைமேல் ஒரு மழை பெய்துவிட்டால் மதியத்துக்குள் அந்த மானையே உருட்டிக்கொண்டு போகும்.

அந்த ஓடையில் மரப்பட்டை ஓடம் விடத் தெரிந்தவன் சுனையன் என்ற நீர்நாய் மட்டும்தான். அவன் கவனமானவன். நடு ஓடையில் நிற்கும் யானைப்பாறையைப் பார்த்த பிறகே ஓடத்தைத் தொடுவான். தண்ணீர் பாறையின் வயிறு வரை இருந்தால் கிளம்புவான். குறைந்தால் ஓடம் கல்லில் தட்டும், கூடினால் கவிழும் என்று பேசாமல் வீடு திரும்பிவிடுவான்.

காடே அவனைப் புகழ்ந்தது. செம்பன் என்ற கீரிக்கு அது பொறுக்கவில்லை. நல்லபாம்பைக் கொன்ற நாளில்கூடத் தன்னை யாரும் இப்படிக் கொண்டாடவில்லையே என்று அவன் மனம் வெந்தது. போதாததற்கு அவன் மனைவி மின்னியும், சுனையன் வளைவில் ஓடத்தைத் திருப்பும் அழகைப் பற்றியே பேசினாள். அன்று செம்பனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மழை சற்று விட்டிருந்த சமயம், கீழே அத்திமரத் துறை வரை ஒரு பயணம் போகச் சுனையன் திட்டமிட்டான். ஓடத்தில் இன்னொருவருக்கும் இடம் உண்டு என்றான். முயல் தான் வருவதாகச் சொன்னது. துறையில் ஓடத்தைப் பிடித்து நிறுத்தும் வேலையைக் குரங்கு ஏற்றுக்கொண்டது. மேலே மலையடி மடுவைப் பார்த்து வர, வேகமாக ஓடும் ஒருவர் தேவைப்பட்டது.

"நான் போகிறேன்," என்றான் செம்பன்.

"தண்ணீர் தெளிவாக இருந்தால் கிளம்பலாம்," என்றான் சுனையன். "சிவந்து, சருகுகளை அடித்துக்கொண்டு வந்தால் புதுவெள்ளம் புறப்பட்டுவிட்டது என்று பொருள். அது இங்கே வந்து சேரும்வரை யானைப்பாறையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. உன் கண்ணைத்தான் நம்பியிருக்கிறேன்."

விடிந்ததும் செம்பன் ஓடிப்போய்ப் பார்த்தான். மடு செக்கச்செவேலென்று சுழன்றது. முறிந்த கிளைகள் மிதந்து வந்தன. எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு முறை சுனையனின் ஓடம் கவிழ்ந்தால் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. நீர்நாய் நீந்திக் கரையேறிவிடும், மானம் மட்டும்தான் போகும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். முயலைப் பற்றி நினைக்க அவன் விரும்பவில்லை.

திரும்பி வந்து, "கண்ணாடி மாதிரி இருக்கிறது," என்றான்.

சுனையன் நன்றி சொல்லி ஓடத்தை எடுத்து வரப் போனான். செம்பன் வேடிக்கை பார்க்க வசதியாக யானைப்பாறைக்கு நேரெதிரே கரையில் போய் உட்கார்ந்தான். சற்று நேரத்தில் ஓடம் வந்தது. ஆனால் முன்னால் உட்கார்ந்திருந்தது முயல் இல்லை. கடைசி நிமிடத்தில் முயலுக்கு வயிறு கலங்கிவிட்டதாம். அந்த இடத்தில் சிரித்துக்கொண்டு இருந்தவள் மின்னி.

அவளுக்குப் பின்னால், மேலே, வெள்ளத்தின் இரைச்சல் கேட்டது.

செம்பன் கத்தினான். அவன் குரல் அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. உடனே தண்ணீரில் குதித்து, தத்தளித்து, யானைப்பாறைமேல் ஏறிக் கையை வீசினான். சுனையனுக்குப் புரிந்துவிட்டது. ஓடத்தைக் கரைப்பக்கம் திருப்பினான். அதற்குள் வெள்ளம் வந்து மோத, ஓடம் இரண்டாகப் பிளந்தது. சுனையன் மின்னியின் பிடரியைக் கவ்விக்கொண்டு, கல்லிலெல்லாம் அடிபட்டுக் கரை சேர்ந்தான். செம்பனும் ஒரு வேரைப் பற்றி எப்படியோ மேலேறினான்.

நனைந்த உடம்போடு மின்னி அவனிடம் வந்தாள்.

"நீங்கள் மடுவுக்குப் போகவில்லையா?"

"போனேன்."

"அப்படியென்றால் தண்ணீரைப் பார்த்தீர்கள்."

மின்னி ரத்தம் வழியும் சுனையனைத் தாங்கிப் பிடித்து அவன் வீட்டில் விட்டாள். பிறகு, செம்பனின் வளைக்குத் திரும்பாமல், தன் தாய்வீடு இருந்த குன்றை நோக்கி நடந்தாள்.

நீதி: பொறாமையால் ஒருவரைக் கவிழ்க்க நினைப்பவர், தமக்கு உயிரானவர்களையே இழப்பார்.