ராணியின் சமாதியில் கள்ளி

முன்னொரு காலத்தில், வானம் பார்த்த சீமை ஒன்றை வாகைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவனிடம் அளவே கிடையாது. அவனுடைய ராணி சேந்தி, மழை பொய்த்த வருஷத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் சமாதியைச் சுற்றி அவளுக்குப் பிடித்த மல்லிகை வாடாமல் நிற்க வேண்டும் என்று ராஜா உத்தரவு போட்டான். ஆஸ்தான வித்வான் மகிழ்நம்பி மலைநாட்டிலிருந்து வண்டி வண்டியாய்ப் பதியன் கொண்டுவந்து நட்டு, ராஜாவின் பக்கத்து ஆசனத்தைப் பிடித்துக்கொண்டான்.

மறு வருஷமும் மழை இல்லை. தண்ணீர் மிச்சமிருந்தது ஒரே ஊருணியில்தான். நம்பியின் யோசனைப்படி அதற்குக் காவல் போட்டு, தண்ணீரைத் தோட்டத்துக்குச் சுமந்தார்கள். ஜனங்களுக்கு நாளைக்கு ஆளுக்கு ஒரு செம்பு. எதிர்த்துப் பேசிய மந்திரியைக் கழுவேற்றினார்கள். அவர் பதவிக்கு வந்தவன் குழைக்காதன்.

ஒருநாள் காலை குழைக்காதன் ஊருணிப் பக்கம் போனபோது, படியில் ஒரு பெண் குப்புறக் கிடந்தாள். பெயர் வெள்ளச்சி. பிள்ளைக்காக இன்னொரு செம்பு மொள்ள இறங்கினாளாம். முதுகில் ஈட்டி. செம்பைப் பிடித்த கை இன்னும் விடவில்லை. குழைக்காதன் தன் மேல்துண்டால் அவளை மூடிவிட்டு அரசவைக்கு நடந்தான். நியாயம் பேசினால் தலை போகும், ஊருணி திறக்காது. ராஜாவின் காதில் ஏறுகிற மாதிரி ஏதாவது பேசியாக வேண்டும்.

சபை கூடியதும் அவன் எழுந்தான். "மகாராஜா, ராணியம்மாளைச் சுற்றி நிற்கிற செடிகள் விசுவாசமானவைதானா என்று எனக்கொரு சந்தேகம்."

"செடிக்கு என்னய்யா விசுவாசம்?" என்றான் ராஜா.

"ஒரு வேளை சோறு தவறினால் வாசலில் சரிந்துவிடுகிற காவல்காரனை, ராணியம்மாள் தலைமாட்டில் நிறுத்துவீர்களா?"

நம்பி சிரித்தான். "மந்திரியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது. என் மல்லிகை ராணியம்மாளுக்காக உயிரையே கொடுக்கும்."

"உயிரைக் கொடுத்துவிடலாம் நம்பி, அது சுலபம். உயிரோடு கூடவே நிற்குமா என்றுதான் கேட்கிறேன்."

ராஜாவின் முகம் மாறிப்போனது. தன்னை விட்டுப் போனவளின் நினைப்பு அவனை அப்படி ஆட்டிவைத்திருந்தது. உன் மல்லிகைக்குத் தலையைப் பணயம் வைப்பாயா என்று நம்பியைக் கேட்டான். சபை நடுவில் பின்வாங்க முடியாத நம்பி, மந்திரியும் வைத்தால் வைக்கிறேன் என்றான். பாதித் தோட்டத்தில் நம்பியின் மல்லிகை, மறுபாதியில் குழைக்காதன் நடுகிற செடி, ஒரு மாதம் யாரும் தண்ணீர் விடக் கூடாது, யார் செடி பட்டுப்போகிறதோ அவன் தலை போகும் என்று முடிவானது. தோட்டத்துக்குள் தண்ணீர் கொண்டுவருகிறவனை அங்கேயே வெட்டச் சொன்னவன் ராஜா.

"அப்படியானால் ஊருணிக் காவலர் எல்லோரும் தோட்டத்துக்கு வந்தால்தான் சரிப்படும்," என்றான் குழைக்காதன், போகிறபோக்கில் சொல்வதுபோல.

ராஜா கையசைத்தான். அன்று சாயங்காலம் ஜனங்கள் காவலில்லாத ஊருணியில் இறங்கி வயிறு நிறையக் குடித்தார்கள்.

மறுநாள் குழைக்காதன் மண்வெட்டியோடு பொட்டலுக்குப் போனான். ஆடுகூட மேய வராத அந்த நிலத்தில் இன்னும் பச்சையாக இருப்பது எது என்று தேடித் தேடி நடந்தான். பூத்து நின்ற ஆவாரையை எடுக்க ஆசைதான். ஆனால் அதன் வேர் ஆழத்தில் ஓடுகிறது, பிடுங்கினால் பட்டுவிடும் என்று விட்டுவிட்டான். வேப்பங்கன்றும் மரமானபிறகுதான் வெயில் தாங்கும். தண்டிலும் மடலிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிற சதுரக்கள்ளி, சோற்றுக்கற்றாழை, பிரண்டை, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டான். கள்ளித் துண்டுகளின் பால் வற்றி வெட்டு காயும்வரை நிழலில் போட்டுவைத்து, பிறகு சரளை மண்ணில் நட்டு, அடியில் வெயில் படாமல் கல் அடுக்கினான்.

சில நாளில் மல்லிகை துவண்டது. பயந்துபோன நம்பி, தன் வேலையாள் மாடனிடம் தோல்பையில் தண்ணீர் கொடுத்து அனுப்பினான். பட்டப்பகலில் வேலி தாண்டிய மாடனைக் காவலர்கள் வெட்டிப்போட்டார்கள். அவன் யாரென்றே தனக்குத் தெரியாது என்றான் நம்பி. செய்தி வந்தபோது குழைக்காதன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். இலையை அப்படியே மூடிவிட்டான். காவலைத் தோட்டத்துக்கு மாற்றியது அவன்தானே.

மாதம் முடிந்து ராஜா சமாதிக்கு வந்தான். மல்லிகை சருகாகிக் கிடந்தது, தொட்டால் நொறுங்கியது. மறுபாதியில் கள்ளியும் கற்றாழையும் பச்சையாக நின்றன. ராஜா முதலில் அழுதான். அழுகை ஓய்ந்ததும் வாளை உருவினான்.

"சுடுகாட்டில் முளைப்பதை என் சேந்தி தலைமாட்டில் நட்டாயா?"

குழைக்காதன் நகரவில்லை. "தாங்கள் அழகு கேட்கவில்லை மகாராஜா, விசுவாசம் கேட்டீர்கள். இவை யார் வாய்த் தண்ணீரையும் பிடுங்காமல் ராணியம்மாள் பக்கத்தில் நிற்கின்றன."

"மல்லிகை யார் தண்ணீரைப் பிடுங்கியது?"

"வெள்ளச்சி என்று ஒருத்தி. ஒரு செம்பு கூட எடுத்தாள் என்று ஊருணிப் படியிலேயே குத்திக் கொன்றார்கள். அவளுக்குக் கைப்பிள்ளை இருந்தது. இன்னும் பலர் தாகத்தில் செத்தார்கள். காவல் இல்லாத இந்த மாதத்தில் தாகத்தால் யாரும் சாகவில்லை."

ராஜா வாளை உறையில் போட்டான். பிறகு, "இது அவளுக்குத் தெரிந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்கமாட்டாள்," என்றான். ஊருணிக்கு இனிக் காவல் கிடையாது என்று அங்கேயே சொன்னான். நம்பியின் தலையை எடுக்கச் சொல்லிவிட்டு, உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று குழைக்காதனைக் கேட்டான்.

குழைக்காதன் அந்தத் தலையையே கேட்டான். மாடனின் மனைவி உயிரோடிருக்கிறவரை, அவள் வீட்டுக்கு நம்பி தினமும் தோளில் குடம் சுமந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றான். ராஜா சம்மதித்தான். வெள்ளச்சியின் பிள்ளையை அரண்மனைக்கு எடுத்துக்கொண்டான். நம்பி பட்டு அங்கவஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கினான். முதல் நாள் மாடனின் மனைவி கதவைத் திறக்கவில்லை. குடத்தை வாசலில் வைத்துவிட்டு, அவள் திறக்கும்வரை அவன் வெயிலில் நின்றான்.

அடுத்த வருஷம் மழை பெய்தது. மந்திரியின் புத்தியால் ஊர் பிழைத்த கதையை ஜனங்கள் பாட்டாகவே கட்டினார்கள். யாராவது பாட ஆரம்பித்தால், பாட்டில் மாடன் பெயர் வருகிறதா என்று குழைக்காதன் கேட்டுப் பார்ப்பான். வராவிட்டால் எழுந்து போய்விடுவான்.