ரொம்ப நேரம் பார்த்த கத்தி

"இடமில்லாதவன் கத்தி செய்யவே கூடாதுங்களா, டீச்சர்?"

வந்ததும் வராததுமாக மயில்சாமி கேட்டார்.

கோகிலவாணி உலைக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். மயில்சாமியைவிடப் பதினைந்து வயது இளையவர். பாலிடெக்னிக்கில் உலோகப் பாடம் எடுக்கிறார். பொழுதுபோக்குக்குக் கத்தி செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பார். கார் கிடையாது.

"கூடாதுன்னு யாருங்கண்ணா சொன்னாங்க?"

"யாராவது சொல்லணுமுங்களா? லோகநாதன் ஷெட்டைப் பாத்தீங்கல்ல. பெல்ட் கிரைண்டர், கரண்ட் உலை, ஆள் உசரத்துக்கு டிரில்லிங் மிஷின். எனக்கு என்ன இருக்குது? பால்கனியில வாஷிங் மிஷினுக்குப் பக்கத்துல ஒரு பலகை, ஒரு அரம்."

கோகிலவாணி சாக்பீஸ் ஒன்றை எடுத்துக் குனிந்தார். மயில்சாமியின் கால்களைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார்.

"இதுக்குள்ள நின்னு அரம் போட முடியாதுங்களா?"

"முடியும்."

"அப்புறம் என்னங்க?"

"லோகநாதன் ஷெட்டுல நாலு பேரு படுத்து உருளலாமுங்க."

"உருளப் போறீங்களா?"

மயில்சாமி கட்டத்தை விட்டு வெளியே வந்தார்.

&nbsp;

அவருக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

அதே ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிற லோகநாதன் நல்ல மனிதர் என்பதுதான் கொடுமை. "தனியா எதுக்குங்க கஷ்டப்படறீங்க? நம்ம ஷெட்டுக்கு வந்துருங்களே" என்று ஒருமுறை கூப்பிட்டார். இருக்கிறதைக் காட்டத்தான் கூப்பிடுகிறான் என்று மயில்சாமி அன்று முழுக்கச் சோறு இறங்காமல் கிடந்தார்.

வீட்டில் வேறு கெடு வைத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு கத்தி," என்றார் அவர் மனைவி பூங்கொடி. "அந்த டீச்சர் ஒரு கத்தியவாவது நல்லாருக்குன்னு சொல்லட்டும். நான் வாயைத் திறக்காம நாலு மாடி ஏறி மொட்டை மாடியில துணி காயப்போடறேன். இல்லைன்னா இந்த மாசத்தோட பால்கனி எனக்கு. அரத்தையெல்லாம் காயலான் கடையில போட்டுருங்க."

நூல் கடையில் நாளெல்லாம் நின்று, பிறருக்கு எடுத்துப்போட்டு, பிறர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வருகிறவர் மயில்சாமி. அவருக்கென்று இருந்தது அந்தப் பால்கனிதான். அதுவும் போய்விடும்.

உக்கடத்தில் வாங்கிய லாரி ஸ்பிரிங் பட்டையைப் பலகையில் இறுக்கினார். அரம் போட்டார். கை கொப்பளித்தது. கொப்புளம் உடைந்து காய்த்த பிறகு, பட்டையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தி வெளியே வந்தது.

&nbsp;

ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணியின் உலையில் அதைச் சிவக்கக் காய்ச்சினார்கள். எண்ணெயில் முக்கினார்கள். அப்புறம் கேக் சுடும் ஓவனில் வைத்து, வைக்கோல் நிறம் வரும்வரை இளம் சூட்டில் விட்டார்கள்.

"இந்த நிறத்தோட நிறுத்திக்கணும்," என்றார் கோகிலவாணி. "சூடு ஏறி நீலம் வந்துச்சுன்னா இரும்பு இளகிப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் அது கத்தி இல்ல."

கடைசியில் பார்வை. பழைய டயர் துண்டின்மேல் அவரவர் கத்தியை வைக்க வேண்டும். டீச்சர் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது. அதுதான் அங்கே வழக்கம்.

மயில்சாமியின் கத்தியைக் கோகிலவாணி எடுத்தார். கூர்மையான பக்கத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு. அரம் வழுக்கிக்கொண்டு போனது.

"சரி," என்றார். ஓரமாக வைத்துவிட்டார்.

அவ்வளவுதான். ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அடுத்தது லோகநாதன் கத்தி. கண்ணாடியாய்ப் பளபளத்தது. கோகிலவாணி அதைக் கையில் எடுத்தார். திருப்பினார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். மறுபடி திருப்பினார். முனையிலிருந்து அடிவரை விரலால் தடவினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

மயில்சாமி மனசுக்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாரா? லோகநாதனை மட்டும் வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் என்னமோ சொன்னார். லோகநாதன் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினார்.

போச்சு. எல்லாம் போச்சு.

&nbsp;

குறை எங்கே என்று மயில்சாமிக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். பளபளப்பு. அவர் கத்தியில் அரம் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. யார்தான் அதை நின்று பார்ப்பார்கள்?

தெருமுனையில் கேட் செய்கிற பட்டறை ஒன்று உண்டு. அங்கே கெஞ்சிக் கூத்தாடிப் பாலிஷ் மிஷினில் ஐந்து நிமிஷம் வாங்கினார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு மிஷின் அவர் கைக்கு வந்திருந்தது. கத்தியை வைத்து அழுத்தினார். கோடுகள் மறைந்தன. இன்னும் அழுத்தினார். முகம் தெரிந்தது. லோகநாதன் கத்தியில் தெரிந்ததைவிட நன்றாகத் தெரிகிறதா என்று சரிபார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

கத்தி விளிம்பில் நீலம் ஓடியது.

பார்த்தார். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. உப்புத் தாளை எடுத்துப் பரபரவென்று தேய்த்தார். நீலம் போய்விட்டது. நிறம்தானே, போனால் போனதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

&nbsp;

கோகிலவாணி அப்போதுதான் பாலிடெக்னிக்கிலிருந்து வந்திருந்தார். தோள் பையைக்கூட இறக்கவில்லை.

"இப்பப் பாருங்க டீச்சர்," என்று கத்தியை நீட்டினார் மயில்சாமி.

கோகிலவாணி பளபளப்பைப் பார்க்கவில்லை. அரத்தை எடுத்து விளிம்பில் வைத்து இழுத்தார்.

அரம் வழுக்கவில்லை. சோப்புக் கட்டியைச் சீவுவதுபோல, இளகிப்போன இரும்பைக் கடித்துக்கொண்டு போனது.

"நீலம் வந்துச்சுங்களா?"

மயில்சாமி தலையைக் குனிந்தார்.

"வந்துச்சுங்க."

"தேச்சு எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேனுங்க."

"எதுக்குங்கண்ணா இந்த வேலை? நல்லா இருந்த கத்தியை..."

"நல்லா இருந்துச்சுங்களா?" மயில்சாமியின் குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை சொன்னீங்களா டீச்சர்? எம் பொண்டாட்டிகிட்ட போய்ச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை? அதுக்குத்தான நாயா அலைஞ்சேன்."

"சரின்னு சொன்னேனே."

"அது ஒரு வார்த்தையுங்களா? லோகநாதன் கத்தியை எவ்வளவு நேரம் பாத்தீங்க! என்னுதை ஏன் அப்படிப் பாக்கல?"

கோகிலவாணி அரத்தை ஓரமாக வைத்தார்.

"நல்லா இருக்கறவங்களை டாக்டரு எதுக்குங்கண்ணா ரொம்ப நேரம் பாக்கணும்?"

மயில்சாமி நிமிர்ந்தார்.

"அன்னைக்கு உங்க கத்தியில பாக்கறதுக்குக் குறைன்னு ஒண்ணுமே இல்லை. பிடி போட்டிருந்தா காலத்துக்கும் உழைச்சிருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தீங்கன்னா நானே போட்டுக் குடுத்திருப்பேன்."

சொன்னது காதில் விழுந்தது. ஆனால் அவர் மனசு அந்த டாக்டர் பேச்சிலேயே நின்றுகொண்டிருந்தது.

"அப்படின்னா," என்றார் மயில்சாமி மெதுவாக, "லோகநாதன் கத்தி?"

"ஒரு பக்கமாச் சாஞ்சிருக்குது. முனைகிட்ட விரிசல். முதல்ல இருந்து செய்யச் சொல்லிட்டேன்."

"விரிசலுங்களா?"

"ஆமாங்க."

"அந்தக் கரண்ட் உலையில வெச்சும் விரிசலுங்களா?"

மயில்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முகமெல்லாம் பூத்துப்போய் நின்றார். கெட்டுப்போன கத்தியும் கைவிட்டுப் போகிற பால்கனியும் அந்த நிமிஷத்தில் அவருக்கு நினைவிலேயே இல்லை.

கோகிலவாணி கத்தியைக் கீழே வைத்தார்.

தோள் பையை இறக்கினார். முக்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு மயில்சாமியின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"என்னங்க டீச்சர்?"

கோகிலவாணி பேசவில்லை. டீச்சர் பார்க்கும்போது யாரும் பேசக் கூடாது.

மயில்சாமியின் சிரிப்பு நின்றது.

கோகிலவாணி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.