மூஞ்சூறு வைத்த மூக்குத்தடம்

அந்தக் காலத்தில் ஆடுமாடும் குருவியும் வாய்விட்டுப் பேசின. மனிதர்களுக்கு மாவு என்றால் என்னவென்றே தெரியாது. கேழ்வரகைப் பயிரிட்டு, அரைத்து, கூழ் காய்ச்சிக் குடித்ததெல்லாம் மிருகங்களும் பறவைகளும்தான்.

ஆற்றங்கரையில் சடையன் என்ற எருமை மாவு அரைத்துக் கொடுத்தான். பெரிய திருகைக்கல்லை அவனே சுற்றிச் சுற்றி இழுப்பான். ஆனால் அரைத்த மாவு நல்ல மாவுதானா என்று சொல்லும் வேலை அவனுடையதல்ல. அது நாச்சி என்ற மூஞ்சூற்றின் வேலை. அவளைப் போல் மூக்கு அந்தக் காட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

நாச்சி மூட்டையின் வாயிலிருந்து ஒரு சிட்டிகை, நடுவிலிருந்து ஒரு சிட்டிகை, அடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுப்பாள். உள்ளங்கையில் சூடு ஏறும்வரை தேய்ப்பாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்ப்பாள். எங்கோ ஒரு மணியில் பூசணம் பூத்திருந்தாலும் அந்தச் சூட்டில் வாடை தெரிந்துவிடும். மாவு நன்றாக இருந்தால் ஈர மூக்கை மூட்டைமேல் அழுத்தித் தடம் வைப்பாள். தடம் இல்லாத மூட்டையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள்.

அந்த வேலைக்கென்று சில கட்டுப்பாடுகள் இருந்தன. வெங்காயம் தின்னக்கூடாது, பூ வைக்கக்கூடாது, வாசனை எதையும் மேலில் பூசக்கூடாது. பாவம், வயசுப்பெண். அத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துத்தான் வந்தாள்.

தங்கச்சி கல்யாணத்தில்தான் அந்தப் பொறுமை போனது. புனுகுப்பூனை வந்திருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் கழுத்தில் புனுகு தடவிக்கொண்டே வந்தவள், நாச்சியிடம் வந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஒனக்கு வேணாம்டி. ஒன் பொழப்பு மூக்குல இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிக்கு முகம் சுருங்கிப்போனது.

“இன்னைக்கு ஒரு நாள்தானே, பூசு,” என்று கழுத்தை நீட்டினாள். ஆசையில் இரண்டு பக்கமும் பூசிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் திருகைக்கல் பக்கத்தில் கூட்டம் காத்து நின்றது. முதல் ஆள் குருவம்மா என்ற காடை. அவள் வீட்டில் பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

“மழையில கேழ்வரகு கொஞ்சம் நனைஞ்சு போச்சு நாச்சி,” என்றான் சடையன். “வெயில்ல காயவச்சுத்தான் அரைச்சேன். நீ ஒரு வாட்டி பாத்துச் சொல்லிரு.”

நாச்சி தேய்த்தாள், மோந்தாள். புனுகுதான் வந்தது. நடுவிலிருந்து எடுத்தாள், அடியிலிருந்து எடுத்தாள். அதிலும் புனுகு. ‘இன்னைக்கு என் மூக்கு வேலை செய்யல, நாளைக்கு வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் புனுகு ஆசையில் மூக்கைக் கெடுத்துக்கொண்டாள் என்று ஊரே சிரிக்குமே என்று வெட்கப்பட்டாள். வெயிலில் காய்ந்த மாவுதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மூக்கை அழுத்தித் தடம் வைத்தாள்.

குருவம்மா தன் மூட்டையைத் தூக்கியவள் சற்றுத் தயங்கினாள்.

“அக்கா, ஏதோ ஒரு வாடை அடிக்கிற மாதிரி இருக்கே?”

“அது என் மேல பூசின புனுகும்மா. கல்யாண வீட்டுக்குப் போயிருந்தேன்ல,” என்றாள் நாச்சி.

“அப்படியா! ஒங்க மூக்கு பட்டிருக்கு, அப்புறம் எனக்கென்ன பயம்?” என்று குருவம்மா சந்தோஷமாகக் கிளம்பினாள்.

பொழுது சாய்வதற்குள் குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

சேதி கேட்டு நாச்சி விழுந்தடித்து ஓடினாள். குருவம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

“வாடை எனக்குத் தெரிஞ்சுதுக்கா,” என்றாள் மெதுவாக. “நீங்க சொன்னீங்கன்னுதான் ஊட்டுனேன்.”

நாச்சி திரும்பி ஓடினாள். ஆற்றில் இறங்கிக் கழுத்தைத் தேய்த்தாள். சாம்பல் போட்டாள், சேறு போட்டாள், தோல் உரியத் தேய்த்தாள். புனுகு போகவில்லை. அவள் தேய்க்கத் தேய்க்க அது ஊறிப் புளித்து, பக்கத்தில் யாரும் நிற்க முடியாத நாற்றமாக மாறிவிட்டது.

சடையன் ஆளனுப்பிக் கூப்பிட்டான். அவள் போகவில்லை. இனி எந்த மூட்டையையும் நல்லது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் மோந்து பார்க்காமலும் இருக்க முடியவில்லை. யார் முகத்திலும் விழிக்கக் கூசி, சுவரோரமாகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போனாள். பானை, குதிர், மூட்டை என்று எல்லாவற்றையும் மோந்தாள். மோந்த இடத்திலெல்லாம், ‘பாத்துச் சாப்பிடுங்க, பாத்துச் சாப்பிடுங்க’ என்று கதறினாள். அழுது அழுது குரல் கம்மி, கடைசியில் ‘கீச், கீச்’ மட்டும் மிஞ்சியது.

அன்று முதல்தான் மூஞ்சூறு சுவரோரமாக ஓடி, கண்டதையெல்லாம் மோந்து, கீச் கீச்சென்று கத்துகிறது. நாமோ நாற்றம் தாங்கவில்லை என்று துடைப்பத்தால் அதை விரட்டிவிட்டு, மோந்துகூடப் பார்க்காமல் மாவைப் பிசைகிறோம்.