புள்ளி வைக்காத ஓலை

மருதவூரில் அரண்மனை சின்னது, ஏரி பெரியது. பதினெட்டுக் கிராமத்து நெல்லும் அந்த ஏரித் தண்ணீரில்தான் விளைந்தது. அரசன் கண்டன்மாறன் பெயரை மறந்தவர்கள்கூட அங்கே இருந்தார்கள். ஏரியை மறந்தவர் ஒருவரும் இல்லை.

ஒருநாள் வடக்கே இருந்த பேரரசன் வீரகேதுவிடமிருந்து ஓலை வந்தது. அரண்மனைச் சுவடிகளுக்குப் பொறுப்பு காரிநங்கை. வரும் ஓலைகளைச் சபையில் வாசிப்பதும் அவள் வேலைதான். எழுந்து நின்று வாசித்தாள்.

"இந்த ஓலை கண்ட பத்து நாளுக்குள் உம் ஏரி எம்மிடம் வந்து சேர வேண்டும். தவறினால் எம் படை வரும்."

நம்மிடம் நானூறு வீரர்கள், அவனிடம் நாற்பதாயிரம், பேசாமல் கொடுத்துவிடலாம் என்றார் மந்திரி. கண்டன்மாறன் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தான். கொடுத்தால் ஊரே பட்டினி. கொடுக்காவிட்டால் ஊரே இருக்காது.

காரிநங்கை ஓலையைக் கீழே வைக்கவில்லை. எழுத்தாணியால் கீறிய எழுத்து லேசில் கண்ணுக்குத் தெரியாது. கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து பளிச்சென்று நிற்கும். அவள் இன்னொரு முறை கரி தடவினாள், துடைத்தாள், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அரசனிடம் போய், பதிலை நானே கொண்டுபோகிறேன், ஒரு சட்டி நெருப்பு மட்டும் வேண்டும் என்றாள். அரசனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு வழியும் தெரியாததால் சரி என்றான்.

எட்டு நாள் பயணம். நெருப்பு அணையாமல் வழியெல்லாம் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டுப் போட்டு அவள் முகமெல்லாம் புகை படிந்துவிட்டது. ஒன்பதாம் நாள் பேரரசன் முன்னால் சட்டியை இறக்கி வைத்தாள்.

"என்ன இது?" என்றான் வீரகேது.

"நீங்கள் எழுதிக் கேட்ட எரி, பேரரசே. எங்கள் அரண்மனை அடுப்பில் எடுத்த நெருப்பு."

"நான் கேட்டது ஏரி."

"ஓலை அப்படிச் சொல்லவில்லையே" என்று அவள் ஓலையை நீட்டினாள்.

அதை எழுதிய சாத்தன் வரவழைக்கப்பட்டார். வேர்க்க விறுவிறுக்க விளக்கினார். அந்தக் காலத்தில் எ, ஏ இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். தலையில் புள்ளி வைத்தால் எ, வைக்காவிட்டால் ஏ. ஆனால் ஓலையில் யாரும் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியை அழுத்தினால் ஓலை பொத்துக்கொண்டு நரம்போடு கிழிந்துவிடும். படிப்பவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

"இது எரியா, ஏரியா? அதைச் சொல்லும்."

"இரண்டும்தான், பேரரசே" என்றார் சாத்தன், தரையைப் பார்த்தபடி.

வீரகேதுவுக்குக் கோபம் வந்தது. கிழிந்தால் கிழியட்டும், இங்கேயே புள்ளி வைத்து எழுதும் என்று உத்தரவிட்டான். சாத்தன் இடது கையில் ஓலையைப் பிடித்து, எழுத்தைக் கீறி, புள்ளியை அழுத்தினார். ஓலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிளந்தது. அடுத்ததும் பிளந்தது. மூன்றாவதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எப்படியோ வைத்துவிட்டார். பேரரசன் அதை வாங்கிக் காரிநங்கையிடம் வெற்றியோடு நீட்டினான்.

அவள் நிதானமாகப் பார்த்தாள். "புள்ளி அழகாக விழுந்திருக்கிறது. இப்போது சந்தேகமே இல்லை, பேரரசே. எரிதான்."

சாத்தன் தலையில் கை வைத்துக்கொண்டார். வீரகேது இரண்டு ஓலைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"புள்ளி வைத்தால் நெருப்பு. வைக்காவிட்டால் இரண்டும். ஏரியை நான் எப்படித்தான் கேட்பது?"

காரிநங்கை கைகூப்பினாள். "எழுதிக் கேட்டால் நெருப்புத்தான் வரும். விருந்தாளியாக நேரில் வாருங்கள், ஏரித் தண்ணீர் ஒரு சொம்பு நானே மொண்டு தருகிறேன்."

சபை நடுங்கியது. வீரகேது சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். தந்தப் பிடி போட்ட தன் எழுத்தாணியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

அந்தக் கோடையில் அவன் மருதவூருக்கு வந்தான், படை இல்லாமல். ஒரு சொம்பு குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டான்.