இடத்தானும் வலத்தானும் ஒரே கழியான கதை

அந்தக் காலத்தில் துடுப்புகளுக்கு வாய் இருந்தது. நண்டு பேசியது, நாரை பேசியது, துடுப்பு மட்டும் சும்மா இருக்குமா? ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் அகன்ற இலை. மறுமுனையில், கை பிடிக்கும் இடத்தில், வாய். அந்த வாய் இருந்ததே, அப்பப்பா, ஓயவே ஓயாது.

காயல் கரையில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சேந்தன். இருவருக்கும் ஒடுக்கமான ஒரு தோணியும் இரண்டு துடுப்புகளும் இருந்தன. முன்னால் வெள்ளச்சி உட்கார்ந்து இடப்பக்கம் துடுப்புப் போடுவாள். அவள் துடுப்பின் பெயர் இடத்தான். பின்னால் சேந்தன் உட்கார்ந்து வலப்பக்கம் போடுவான். அவன் துடுப்பு வலத்தான். இடப்பக்கத் துடுப்பை வலப்பக்கம் இறக்குவது என்பது அந்தக் கரையிலேயே கிடையாது.

வெள்ளிக்கிழமைதோறும் துடுப்புகளுக்கு மீனெண்ணெய் தடவுவார்கள். முதலில் வலத்தானுக்கு, பிறகு இடத்தானுக்கு. அதுதான் முறை. ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளச்சி ஏதோ யோசனையில் இடத்தானுக்கு முதலில் தடவிவிட்டாள். போச்சு!

"என்ன தாயி, ஆள் மாறிப்போச்சா? இல்லை, நான்தான் செத்துப்போயிட்டேனா?" என்றான் வலத்தான்.

"உனக்கு ஏன் வயிறு எரியுது? அருமை தெரிஞ்சவ தடவினா," என்றான் இடத்தான்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று வெள்ளச்சி எவ்வளவோ சொன்னாள். கேட்டால்தானே! கூரைக்கடியில் சாத்தி வைத்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் வைதுகொண்டே இருந்தார்கள்.

அன்று ஊர் முழுவதும் அக்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. சேந்தன் மட்டும் நீர் வற்றிய நேரம் பார்த்து, நடந்தே மணல் திட்டுக்குப் போய் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தான். மதியம் தாண்டியதும் ஒரு நீர்க்காகம் வந்து தோணியின் விளிம்பில் உட்கார்ந்தது.

"வெள்ளச்சி, உன் வீட்டுக்காரர் திருக்கை மீனை மிதிச்சிட்டார். முள் குத்திக் கால் வீங்கிப்போச்சு, எழுந்து நடக்க முடியலை. தண்ணியும் ஏறுது."

வெள்ளச்சிக்கு உயிரே போய்விட்டது. திட்டு முழுகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தோணியைத் தள்ளி ஏறினாள். துணைக்கு வர ஊரில் ஒரு ஆள் இல்லை.

முதலில் வலத்தானை எடுத்தாள். "முதல் எண்ணெய் வாங்கினவனைக் கூப்பிடு," என்று அவன் தண்ணீரில் விலாவைக் காட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் அறுபட்டதே தவிரத் தோணி நகரவில்லை. இடத்தானை எடுத்தாள். அவன் உற்சாகமாகத்தான் தள்ளினான், ஆனால் இடப்பக்கம் மட்டும் தள்ளினால் என்ன ஆகும்? தோணி வலப்பக்கமாகத் திரும்பித் திரும்பி, செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது.

"டேய், அந்தப் பக்கமும் கொஞ்சம் இறங்குடா," என்று கெஞ்சினாள்.

"அது அவன் பக்கம். அவன் எச்சில் தண்ணியில நான் இறங்கவா?"

"பார்த்தியா தாயி, அவன் வாயை!" என்று வலத்தான் கத்தினான்.

"நீ மூடுடா!"

"நீ மூடு!"

அப்போது திட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. "வெள்ளச்சீ! இடுப்புக்கு வந்துடுச்சு புள்ளே!"

அந்தக் குரலைக் கேட்டதும் வெள்ளச்சிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அங்க மனுஷன் முழுகிட்டிருக்கார், உங்களுக்கு எண்ணெயா கேட்குது?" என்றாள். நங்கூரக் கயிற்றை உருவினாள். இரண்டு துடுப்புகளையும் மடியில் போட்டு, வாயோடு வாய் வைத்து அழுத்தி, இறுக்கிக் கட்டினாள். பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள்.

"ம்... ம்..." என்று சத்தம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. ஆனால் ரோஷம் போகுமா? கட்டும்போதே இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கித் திரும்பிக்கொண்டார்கள். ஒருவன் இலை மேலே பார்த்தது, மற்றவன் இலை பக்கவாட்டில் பார்த்தது. அதை நேராக்க அவளுக்கு நேரமில்லை.

நடுவில் இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் இறக்கினாள். இடத்தான் தள்ளினான். அவன் மேலே வந்ததும் வலத்தான் தானாகவே மறுபக்கம் இறங்கினான். முரண்டு பிடித்துப் பார்த்தான்தான். ஆனால், இடத்தான் ஒரு முழம் தள்ளிவிட்டான் என்று தெரிந்தால் வலத்தான் சும்மா இருப்பானா? அவன் ஒன்றரை முழம் தள்ளினான். இவன் இரண்டு முழம். தோணி விர்ரென்று போனது. கூடவே பறந்த நீர்க்காகம் பின்தங்கிவிட்டது.

சேந்தன் கழுத்தளவுத் தண்ணீரில் ஒற்றைக் காலை ஊன்றி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றான். வெள்ளச்சி அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்து, தோள் வரை தோணிக்குள் ஏற்றினாள். மீதிக்கு அவனே தொற்றி ஏறிக்கொண்டான்.

"இது என்னடி கோலம்?" என்றான் துடுப்பைப் பார்த்து.

"பேசாம படுங்க," என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

கரைக்கு வந்து, அவன் காலுக்கு வெந்நீர் ஊற்றியபிறகு, கயிற்றை அவிழ்த்தாள். இரண்டு பிடிகளும் பிரியவில்லை. ஒரே மரமாக ஒட்டிப்போயிருந்தன. வாய் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. "டேய் இடத்தான்... வலத்தான்..." என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. பேச்சுத்துணை போய்விட்டதே என்று அவளுக்கு வருத்தம்தான். ஆனால் உள்ளே சேந்தன் கால் வலியில் முனகும் சத்தம் கேட்டது. அது போதும் என்று துடுப்பைச் சுவரில் சாத்தினாள்.

அன்று முதல்தான் ஒடுங்கிய தோணியின் துடுப்புக்கு இரண்டு பக்கமும் இலை. அன்று முதல்தான் அந்த இரண்டு இலைகளும் ஒரே திசையைப் பார்ப்பதில்லை, துடுப்புகள் வாய் திறப்பதும் இல்லை. அன்று முதல்தான், தண்ணீருக்கு நடுவிலிருந்து நம்மை ஒருவர் கூப்பிட்டால், இன்னொரு ஆள் வரட்டும் என்று யாரும் கரையில் நிற்க வேண்டியதில்லை.